மாப்பிள்ளையின் எடை

அன்புள்ள என்னங்க அவர்களுக்கு,

உங்கள் ‘இந்தா’ எழுதிக்கொள்வது. கல்யாணமான நாளிலிருந்து நான் உங்களை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை, நீங்களும் என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. கடிதத்துக்கென்று புதிதாக ஒன்று போட்டுப் பார்த்தேன். யார் வீட்டுக்காரருக்கோ எழுதுவது போல் இருந்தது. அடித்துவிட்டேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பார்சலைச் சுற்றி வந்திருக்கும் நீலக் கோடு போட்ட துணியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆமாம், உங்கள் சட்டைதான். யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது போட்டுக்கொண்டு போய், வந்ததும் கழற்றி மடித்து, என்னைக்கூடத் தொடவிடாமல் பெட்டியின் அடியில் வைப்பீர்களே, அதே சட்டை. மூட்டை தூக்குகிற நம் மெஷின் வந்து இறங்கியபோது அதன் சீட்டு கிழிந்து பஞ்சு துருத்திக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் எழுந்து நடந்தால் பின்பக்கம் பஞ்சு ஒட்டிக்கொண்டு முயல் போவது போல் இருக்கும். நானும் சிரித்தேன். ஆனால் முதலாளி சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் நல்ல துணி என்று இருந்தது அது ஒன்றுதான். கையை வெட்டி, முதுகைப் பிரித்து, சீட்டுக்கு உறையாகத் தைத்துவிட்டேன். பாக்கெட்டை மட்டும் அப்படியே விட்டேன். சாவி போட்டு வைக்க வசதியாக இருந்தது.

சீட்டின் உறை எப்படிப் பார்சலின் உறையானது, அப்படியென்றால் சீட்டில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஒரு தடவை போனிலும் சொன்னேன். நீங்கள் நம்பவில்லை.

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், சாக்கின் மேல் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் படித்ததுதான் அதிகம். ‘நிகர எடை’, ‘ஈரம் படாமல் வைக்கவும்’, இந்த மாதிரி வார்த்தைகளைப் பிழையில்லாமல் எழுதுவேன். மற்றதற்கு உத்தரவாதம் இல்லை. மகளிடம் கொடுத்துத் திருத்தி வாங்கலாம். கொடுத்தால் படித்துவிடுவாள்.

நானும் அவளும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முட்டி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் ‘எந்த முட்டி?’ என்று கேட்கிறீர்கள். இரண்டும் வலிக்கிறது என்று நானே எடுத்துக்கொண்டேன். பார்சலில் இரண்டு முட்டிக்கும் பட்டை வைத்திருக்கிறேன். தைலமும் இருக்கிறது. அறையில் இருப்பவர்களுக்கு ஓசி கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நான் சொன்னது இதுதான்: “மாப்பிள்ளை தரைக்குள்ள இறங்கிட்டாருங்க. எழுந்திருக்க மாட்டேங்கிறாரு.” உடனே நீங்கள் சிரித்தீர்கள். உங்களோடு உங்கள் அறையில் இருக்கும் எட்டுப் பேரும் சிரித்தார்கள். அண்ணி பேச ஆரம்பித்தால் ஸ்பீக்கரில் போடுங்கள் என்று யாரோ ஒருவர் சொன்னது எனக்கே கேட்டது. சரி, கேலியில்லாமல் சொல்வோம் என்று குரலை மாற்றினேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தீர்கள். மறுபடி கையெழுத்துப் போட வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள் என்றேன். “பாருங்கடா, முதலாளியம்மாவுக்கு ஏக்கம் வந்துடுச்சு” என்று அவர்களிடம் சொன்னீர்கள். அங்கே எல்லோரிடமும், ஊரில் எனக்கு ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறது என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். அவர்கள் முன்னால் நான் என்ன செய்ய முடியும்? நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

வாயைத் திறந்தால் கேலி என்று இத்தனை வருஷம் இருந்தேன். இப்போது உண்மையைச் சொன்னால் அதற்கும் சிரிக்கிறார்கள். யார்மேல் கோபப்படுவது? எனக்கு நன்றாக அழ வந்திருந்தால் அன்றைக்கே காரியம் முடிந்திருக்கும். அந்தக் கலை எனக்குக் கைவரவில்லை. ஆனால் ஒன்று. கடிதத்தில் நான் உங்களை ஒரு நாளும் கேலி செய்ததில்லை. ஏனென்றால் கடிதமே எழுதியதில்லை. அதனால் இதை நம்புங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். எங்கே தப்புப் பண்ணினோம் என்று நான் தினமும் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கிறேன். நீங்களும் ஒரு தடவை என்னோடு வாருங்கள்.

அன்றைக்கு முதலாளி குடோன் வாசலில் நின்று, ஒரு ஃபோர்க்லிஃப்ட் வாங்கப் போகிறேன், இனிமேல் இரண்டு ஆள் போதும் என்றார். ஒன்பது லோடுமேன்களும் சும்மாட்டைத் தலையிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார்கள். மேஸ்திரி நீங்கள் மட்டும் முன்னால் போனீர்கள். “மெஷினை நாங்களே வாங்குறோம். மூட்டைக்கு இவ்வளவுன்னு எங்களுக்கே குடுங்க.” நான் என் இடத்தில் உட்கார்ந்து கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி விரலில் ஏறிவிட்டது. அன்று வீட்டுக்கு வந்ததும் உங்களை ‘வாங்க முதலாளி, உட்காருங்க முதலாளி’ என்று படாத பாடு படுத்தினேனே, அதெல்லாம் பெருமையில். அதைச் சொல்லத் தெரியாமல்தான் படுத்தினேன்.

எல்லோரும் பங்கு போட்டார்கள். ஒருவர் ஸ்கூட்டரை விற்றார். ஒருவர் மனைவியின் தோட்டை விற்றார், அந்தம்மா இன்னும் என்னைப் பார்த்தால் காதைத் தடவிக்கொள்கிறாள். நம்மிடம் விற்க ஒன்றும் இல்லை. மற்றவர்கள் காசு போட்டார்கள், நாம் உங்களைப் போட்டோம். வெளிநாட்டில் இரண்டு வருஷம் வேலை என்றீர்கள். இரண்டு வருஷம் என்ன, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் போய்விடும் என்று நானும் சொன்னேன். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை என்பது வேறு விஷயம்.

நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் புரோக்கரின் இடத்தில் போய் மெஷினைப் பார்த்தோமே, நீங்களும், நம் லோடுமேன்களில் ஒட்டகம் என்று பட்டப்பேர் வாங்கிய அண்ணனும், நானும். ஒட்டகம் அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். சங்கிலியைப் பிடித்து ஆட்டினார். புரோக்கர் ஒன்றரை டன் தூக்கும் என்றதற்கு, மூட்டைக் கணக்கில் சொல்லு என்றார். ஒரே தூக்கில் முப்பது மூட்டை. அப்போது நீங்கள் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அப்படிப் பார்க்கவில்லை. எண்ணெய் எவ்வளவு குடிக்கும் என்று கேட்டோம். பிரேக் பிடிக்குமா என்று கேட்டோம். பழசாக இருந்தாலும் உறுமல் நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டோம். கேட்க வேண்டியது எல்லாவற்றையும் கேட்டுவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

வந்த முதல் மாதக் கூத்து உங்களுக்குத் தெரியும். மூட்டைக்குக் கீழே வைக்கப் பலகை வேண்டும், இல்லாவிட்டால் மெஷினின் இரண்டு கொம்பும் நேராகச் சாக்குக்குள் போகும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஒவ்வொரு தூக்குக்கும் நாலு சாக்கைக் குத்திக் கிழித்தது. சர்க்கரை ஒரு பக்கம் கொட்டியது, மாவு ஒரு பக்கம் கொட்டியது. முதலாளி சேதாரத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மட்டும் தையல் கூலி அமோகம். அந்த மாதக் கூலியில்தான் மூக்குக் கண்ணாடி வாங்கினேன். மெஷினால் இந்த வீட்டுக்கு வந்த ஒரே லாபம் இந்தக் கண்ணாடி. இது இல்லாமல் இப்போது ஊசியில் நூல் கோக்கவும் முடியாது, உங்களுக்குக் கடிதம் எழுதவும் முடியாது.

பலகை வாங்க வழியில்லாமல் ஆளுக்கொரு கதவைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். இதுவரை உங்களிடம் சொல்லவில்லை, நம் வீட்டு அடுக்களைக் கதவும் போனது. இப்போது அங்கே சாக்குத் திரை தொங்குகிறது. தாழ்ப்பாள் இருந்த கதவைவிட இது வசதி, கையில் பாத்திரத்தோடு முதுகாலேயே தள்ளிக்கொண்டு வரலாம். நம் கதவின் மேல் முப்பது மூட்டை சர்க்கரையை அடுக்கி, அதை அப்படியே அந்தரத்தில் தூக்கியபோது கை தட்டினேன். நம் வீட்டில் அவ்வளவு உயரம் போன சாமான் வேறு எதுவும் இல்லை.

அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொருத்தமா இல்லையா நீங்களே சொல்லுங்கள். நேரத்துக்கு ஊற்ற வேண்டும். கொஞ்சம் குளிர்ந்தால் எழுந்திருக்க மாட்டார். எல்லோரும் சுற்றி நின்று தடவிக் கொடுக்க வேண்டும். வேலை செய்தால் செய்தார், செய்யாவிட்டால் கேட்க முடியாது. நம் வீட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஓடிய நாட்களில் நன்றாகத்தான் ஓடினார். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. முதலாளி அன்றைக்குச் சொன்னது பொய் இல்லை. இரண்டு ஆள் போதும்தான். மெஷின் யாருடையதாக இருந்தாலும் இரண்டு ஆள்தான். மற்ற ஆறு பேரும் சுவரோரம் உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். வந்த கூலியை ஒன்பதாகப் பங்கு போட்டார்கள், அதற்கு முன்னால் எண்ணெய்க்கும் டயருக்கும் எடுத்து வைத்தார்கள். மூட்டை சுமந்த காலத்தில் ஒருத்தரை ஒருத்தர் திட்டக்கூட மூச்சு இருக்காது. சும்மா உட்கார்ந்த பிறகு சண்டை வந்தது. ஒட்டகம் அண்ணன் தினமும் வீட்டுக்குப் போகும் முன் ஒரு மூட்டையைத் தூக்கி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைப்பார். மறுநாள் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம். ஏன் அண்ணே என்று கேட்டேன். கழுத்து மறந்துடும்மா என்றார்.

இதை எல்லாம் உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். மேஸ்திரி வந்தால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன். குடோனுக்குள் நான் உட்கார்ந்து தைக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். நடந்தால் டொம் டொம் என்று சத்தம் வருமே, அந்த இடம். கீழே பழைய தண்ணீர்த் தொட்டி, மேலே மூடித் தளம் போட்டது. வெயில் காலத்தில் அடியிலிருந்து குளுகுளுவென்று இருக்கும், அதற்காகவே அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டதில்லை. மாப்பிள்ளை எப்போதும் என்னைச் சுற்றிக்கொண்டுதான் போவார். போகும்போது ஓட்டுகிறவர் ஒரு ஹாரன் அடிப்பார், நான் ஊசியைத் தூக்கிக் காட்டுவேன்.

அன்றைக்கு உங்கள் போன் வந்தது. வேலை நாளில் நீங்கள் கூப்பிட்டதே இல்லை, என்னவோ ஏதோ என்று எழுந்து தெருவுக்கு ஓடினேன். முதலாளி நல்ல பலகை இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று கறாராகச் சொல்லியிருந்தார் இல்லையா, அதற்கு வழி செய்துவிட்டேன் என்றீர்கள். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டால் முன்பணம் தருகிறார்களாம், அத்தனைக்கும் புதுப் பலகை வாங்கிவிடலாமாம். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? ‘அடுக்களைக் கதவு திரும்பக் கிடைச்சா சரி’ என்றேன். உங்களுக்குப் புரியவில்லை. அதற்குள் உள்ளே ஒரு சத்தம் கேட்டது. லாரியின் பின்கதவைப் போட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உங்களோடு பேசினேன்.

உள்ளே போனால் மாப்பிள்ளை என் இடத்தில் இருந்தார். முன் சக்கரம் இரண்டும் தளத்தை உடைத்துக்கொண்டு உள்ளே, பின்பக்கம் மேலே. நம் கதவும் முப்பது மூட்டையும் தொட்டிக்குள். ஓட்டியவர் எப்படியோ குதித்துவிட்டார், ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் சைக்கிளில்கூட ஏறுவதில்லை, நடந்தே போகிறார். வழி காலியாக இருந்ததே என்று குறுக்கே வந்திருக்கிறார். எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டு, நல்ல வேளை நீ அங்கே இல்லை, நல்ல வேளை நீ அங்கே இல்லை என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். நான் அங்கே இருந்திருந்தால் அது சுற்றிக்கொண்டு போயிருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்ற வேண்டாம்.

கிரேன்காரர் வந்தார். குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, எடை எவ்வளவு என்று கேட்டார். ஒன்பது பேரில் இப்போது இருக்கும் எட்டுப் பேரும் ஒரே குரலில் ஒன்றரை டன் என்றார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

“அது தூக்குறது. அதோட எடை என்ன?”

எல்லோரும் அந்தச் சின்னச் சக்கரத்தைப் பார்த்தார்கள், கொம்பைப் பார்த்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். கிரேன்காரர் பொறுமையான மனிதர், விளக்கிச் சொன்னார். முன்னால் முப்பது மூட்டையைத் தூக்கும்போது குப்புற விழாமல் இருக்க, அதன் பின்னால் இரும்பை வார்த்து வைத்திருப்பார்களாம். தூக்குவதைவிட மெஷின் இரண்டு மடங்கு கனமாம். சுமையோடு சேர்த்தால் ஒரு லாரி லோடே அந்த முன் சக்கரத்தில் வந்து நிற்குமாம். இதை வாங்கும்போது கேட்கவில்லையா என்றார்.

ஒட்டகம் அண்ணன்தான் வாயைத் திறந்தார். “நம்மளை யாரும் அப்படிக் கேட்டதில்லையேப்பா.”

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நம் ஆட்களில் அதிகம் தூக்குகிறவர் ஒட்டகம் அண்ணன், காற்றடித்தால் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீங்களே ஒரு மூட்டைக்குக் கொஞ்சம்தான் கூட. வேலைக்கு ஆள் எடுக்கும்போது எத்தனை மூட்டை தூக்குவாய் என்று கேட்பார்கள், நீ எத்தனை கிலோ என்று யாரும் கேட்டதில்லை. தூக்குகிறது கனமாக இருக்கும் என்று நமக்கு எப்படித் தெரியும்? சாக்குச் சாக்காக ‘நிகர எடை’ என்று படித்தவள் நான். எனக்கே தோன்றவில்லை.

கிரேன் வாசலுக்குள் நுழையாது. கூரையைப் பிரித்தால்தான் மேலிருந்து தூக்கலாம். கூரையைப் பிரிக்க முதலாளி சம்மதிக்கவில்லை. தளம் உடைந்ததும் நம் கணக்கில்தான் என்று சொல்லிவிட்டார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அடுத்த வாரமே வெளி ரோட்டில் ஒரு புதுக் குடோனை வாடகைக்குப் பிடித்துவிட்டார். அங்கே தரை வழவழவென்று இருக்கிறதாம், மெஷினும் பலகையும் இரண்டு ஆளும் ஒரு கம்பெனிக்காரனே கொடுத்துவிடுகிறானாம்.

பழைய குடோனைக் காலி செய்யும் வேலையை மட்டும் நம் ஆட்களுக்கே கொடுத்தார். கூலியும் குறைக்கவில்லை. எட்டுப் பேரும் சும்மாடு கட்டிக்கொண்டு, இருந்த மூட்டை அத்தனையையும் தலையில் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். ஒவ்வொரு நடைக்கும் குழியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். போகும்போதெல்லாம் ஒட்டகம் அண்ணன், “கொஞ்சம் வழி விடுங்க மாப்பிள்ளை” என்பார். முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் நாளும் அவர் விடாமல் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. இத்தனை மாதம் கழித்து வேர்வை சிந்த வேலை செய்ததில் அவர்கள் முகம் எல்லாம் தெளிந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தங்கள் வேலையைத் தாங்களே தூக்கி லாரியில் ஏற்றுகிறோம் என்று தெரிந்தும், நன்றாக ஏற்றினார்கள். கடைசி மூட்டையை யார் தூக்குவது என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஒட்டகம் அண்ணன் அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், அவ்வளவுதான்.

இப்போது குழு என்று ஒன்றும் இல்லை. ஒருவர் பஸ் நிலையத்தில் பெட்டி தூக்குகிறார், சக்கரம் வைத்த பெட்டியாகத்தான் வருகிறது என்று அலுத்துக்கொள்கிறார். இரண்டு பேர் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். மற்றவர்களைக் கண்ணில் காணோம். தெருவில் என்னைப் பார்த்தால் மேஸ்திரி எப்போது வருகிறார் என்று கேட்கிறார்கள். பங்கைக் கேட்கத்தான் கேட்கிறார்களோ என்று முதலில் பயந்தேன். இல்லை, சும்மாதான் கேட்கிறார்கள். பங்கைக் கேட்டால்கூட நல்லது.

நம் மகளைப் பற்றி ஒன்று. கோபப்படாமல் படியுங்கள். அவள் காலேஜுக்குப் போவதில்லை. புதுக் குடோனில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எந்த மூட்டை எங்கே போக வேண்டும் என்று சீட்டு அடித்துக் கொடுக்கிறாள். முதலாளி கூப்பிட்டார், போய்விட்டாள். நான் தடுத்தேனா என்று கேட்டால், தடுத்தேன், பலமாகத் தடுக்கவில்லை. வீட்டில் ஒரு கூலியாவது வர வேண்டுமே. அங்கே மூட்டை தூக்கும் மெஷின் சத்தமே போடாதாம், பின்னால் வந்து நின்றால்கூடத் தெரியாதாம். என்ன எடை என்று கேட்டுக்கொண்டு வா என்றேன். ‘போம்மா’ என்றாள். அவள் படித்து முடிக்கும்வரைதான் நான் இங்கே என்று நீங்கள் போனில் சொல்லும்போதெல்லாம் அவள் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். வாயால்தானே சொல்லக் கூடாது.

போன வாரம் பழைய இரும்புக்காரர் வந்தார். அவர் குழியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, எடை எவ்வளவு. இந்தத் தடவை எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாங்கும்போது எதைக் கேட்காமல் விட்டோமோ, விற்கும்போது அது ஒன்றுக்குத்தான் விலை. வெளியே எடுக்க வேண்டாம், உள்ளேயே வைத்துத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துக்கொள்கிறேன் என்றார். வருகிற பணம் தளத்துக்குச் சரியாகப் போகும் என்று முதலாளி கணக்குப் பார்த்துவிட்டார். நாளைக் காலை வெட்டுகிறார்கள். அதற்கு முன்னால் போய் உறையைக் கழற்றிக்கொண்டு வந்தேன். சீட்டு மேல்நோக்கிச் சாய்ந்திருந்ததால் ஏணி வைத்து ஏற வேண்டியிருந்தது. பாக்கெட்டுக்குள் சாவி இருந்தது. சாவியை இரும்புக்காரரிடம் கொடுத்தேன். அதையும் தராசில் போட்டுக்கொண்டார்.

இதுதான் நடந்தது. இதில் ஒரு வரிகூட வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

அங்கே உங்களோடு வேலை செய்யும் பிளம்பர் தம்பி லீவு முடிந்து திரும்புகிறார், மாதக் கடைசிக்கு முன்னால் இதை உங்கள் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல பிள்ளை, ஆனால் ஓட்டைவாய். நீங்கள் அங்கே சூப்பர்வைசராக இல்லை, தரை துடைக்கிற மெஷினைத் தள்ளிக்கொண்டு போகிறீர்கள் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவரைத் திட்டாதீர்கள். உங்கள் முட்டி ஏன் வலிக்கிறது என்று எனக்குப் புரிந்தது. தரையைப் பற்றி இவ்வளவு தெரிந்த மனிதர் நம் தரையைக் கொஞ்சம் தட்டிப் பார்த்திருக்கலாம் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள், பழக்க தோஷம், ஒரு கேலி வந்துவிட்டது. இது ஒன்றுதான்.

கையெழுத்துப் போடாதீர்கள். பலகை வேண்டாம். பலகையின் மேல் வைக்க மூட்டை இல்லை, பலகையைத் தூக்க மாப்பிள்ளை இல்லை. வந்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். தெரியாது. நான்கு நாளாக யோசித்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, தோன்றியது போல் எழுதி உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை. இங்கே வேலை இல்லை. அங்கே இருந்தால் ஏதோ வரும். கணக்குப் போட்டால் நீங்கள் அங்கே இருப்பதுதான் சரி என்று மகள் சொல்கிறாள், அவள் கணக்கில் கெட்டி. நான் கணக்குப் போடவில்லை. எதற்காகப் போனீர்களோ அது நாளைக்குத் தராசில் ஏறப்போகிறது, அது இல்லாமல் போன பிறகும் அதற்காக நீங்கள் அங்கே தரை துடைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான்.

அறையில் இருக்கும் எட்டுப் பேருக்கும் இதைப் படித்துக் காட்ட வேண்டாம். ஊரில் மெஷின் எப்படி என்று கேட்டால் ஓடுகிறது என்றே சொல்லுங்கள். அவர்களுக்கும் ஊரில் ஏதாவது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

நீங்கள் இருக்கும் இடத்தில் கால் வழுக்காமல் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதீர்கள். எது எப்படி ஆனாலும் முழு ஆளாக வந்து சேர வேண்டும் என்பதுதான் இந்த வீட்டில் இருக்கும் இரண்டு பேரின் வேண்டுதல். வாசல் கதவு இன்னும் இருக்கிறது. அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள்
இந்தா

(பார்சலின் மேல், சாக்குக்கு மார்க் போடும் கறுப்பு மையில்)

ஈரம் படாமல் வைக்கவும்.

கடிதத்தை உள்ளே வைத்து நாலு பக்கமும் இரட்டைத் தையல் போட்டுவிட்டேன். கண்ணைக் கட்டிக்கொண்டு தைப்பேன் என்று எப்போதும் பீற்றிக்கொள்வேன் அல்லவா, கடைசிப் பக்கத்தை அப்படித்தான் தைத்திருக்கிறேன். கண்ணாடியைக் கழற்றிக் கடிதத்தின் மேல் வைத்தது தைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது. பேனாவும் உள்ளேதான் இருக்கிறது. பிளம்பர் தம்பி ஆட்டோவில் உட்கார்ந்துவிட்டார், பிரிக்க நேரமில்லை. பேனாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை வரும்போது கொண்டு வாருங்கள்.